வெட்கப்பட்டுக் கேட்ட அறை

ஈரம் காயாத கார்ப்பெட் மீது சென்ட் அடித்து வைத்தால் ஒரு நாற்றம் வருமே, அது உனக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் அந்த நாற்றம் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களைத் தங்க வைப்பதற்காக, நம் ஊரில் ரயில்வே ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் அறை பார்க்கப் போயிருந்தோம். கதவைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. "நன்னாத்தானே இருக்கு, அட்வான்ஸ் கொடுத்துடலாமா?" என்றார் என் கணவர். நீ போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அந்த நிமிஷம் நீ என் தோளுக்குப் பின்னால் நின்று மூக்கைச் சுளிப்பதுபோல இருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாம் வேலை பார்த்த கம்பெனி வங்கிகளுக்கு மென்பொருள் விற்றது. பெரிய பெரிய பேரேடுகளில் எழுதிப் பழகிய குமாஸ்தாக்களுக்குக் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றக் கற்றுக்கொடுப்பது நம் வேலை. நாக்பூர், இந்தூர், கட்டாக் என்று மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். நான் சின்ன காஞ்சிபுரம். நீ மாகறலுக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற தமிழ்ச் சமணர், நயினார் வீட்டுப் பெண். இரண்டு பேரும் ஒரே ஊர்ப்பக்கம் என்று கம்பெனி நம்மைச் சேர்த்தே அனுப்பியது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் நீ. ஆனாலும் முதல் பயணத்திலேயே, "அக்கா கிக்கான்னு கூப்பிட்ட, ரயில்லேர்ந்து எறக்கி வுட்ருவேன்" என்று சொல்லிவிட்டாய்.

அப்போதே உன்னிடம் அந்தத் தங்க நிற அட்டை இருந்தது. வடக்கே பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு ஓட்டல் கம்பெனியின் அட்டை. அவர்களிடமே திரும்பத் திரும்பத் தங்குகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அதை நீட்டினால் கவுன்ட்டரில் இருப்பவர் எழுந்து நின்று உன் பெயரைச் சொல்லி வரவேற்பார். நல்ல அறை காலியாக இருந்தால் அது உனக்கு. மேஜையில் ஒரு தட்டு பழம். எல்லாவற்றையும்விட உனக்கு முக்கியம், இருட்டுவதற்கு முன் சாப்பாடு. உங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. ஓட்டல் சமையலறைகள் ராத்திரிக்குத்தான் அடுப்பு மூட்டும். அட்டைக்காரிக்கு மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே ரொட்டியும் பருப்பும் வரும்.

என்னிடம் அட்டை இல்லை. அடிக்கடி வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்பாள் அம்மா, நான் பயணத்தை ரத்து செய்துவிடுவேன். அதனால் அட்டை கிடைக்கும் அளவுக்கு நான் தங்கியதே இல்லை. எனக்குக் கொடுப்பது எப்போதும் தாழ்வாரத்தின் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் சுவர், இல்லாவிட்டால் லிஃப்ட் ஓடுகிற சத்தம். சாவியை வாங்கிக்கொண்டு நான் பேசாமல் போயிருப்பேன். நீ விட்டதில்லை. "எங்க, அவங்க ரூமைக் காட்டுங்க" என்று என் கூடவே வருவாய். குழாயைத் திறந்து பார்ப்பாய். படுக்கையில் உட்கார்ந்து எழுந்திருப்பாய். திரையை விலக்குவாய். கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுத் திறப்பாய். அப்புறம் கீழே இறங்கிப் போய், உடைந்த இந்தியில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடியும் ஒரு சண்டை.

அந்த நேரங்களில் நான் எங்கே இருப்பேன் என்று உனக்குத் தெரியும். வரவேற்பறைத் தொட்டிச் செடிக்குப் பின்னால், படிக்கத் தெரியாத மொழியில் வந்த ஒரு பேப்பரை விரித்துக்கொண்டு. காது மடல் இரண்டும் கொதிக்கும். உனக்குத்தான் நல்ல அறை தானாகவே வந்துவிடுகிறதே; நீ மல்லுக்கு நிற்பது எனக்கு வந்த அறைக்காக என்று நன்றாகத் தெரிந்திருந்தும் எனக்கு நன்றி வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், கையை நீட்டி இன்னும் கொஞ்சம் என்று கேட்கக் கூடாது என்று வளர்த்த வீடு எங்களுடையது. இவளுக்குக் கூச்சமே கிடையாதா என்று உன்னைப் பற்றி நினைத்திருக்கிறேன். ஒரு முறை கேட்டும் விட்டேன். "விடேன், ஒரு ராத்திரிதானே? எனக்கு மானம் போறது."

நீ கோபப்படவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே உன் முதல் பயணத்தைப் பற்றிச் சொன்னாய். கம்பெனி உன்னைத் தனியாக ஏதோ ஒரு வடக்கத்தி ஊருக்கு அனுப்பியிருந்தது. ஏறிய லாட்ஜில் எல்லாம் ஒரே கேள்வி: "கூட யாரும் வரலியா?" இல்லை என்றதும், அறை இல்லை. சாவிகள் வரிசையாகப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்டேஷன் காத்திருப்பு அறையில், பாடப் புத்தகங்கள் வைத்திருந்த தகரப் பெட்டியைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, மறுநாள் காலை அதே புடவையோடு போய் வகுப்பு எடுத்தாயாம்.

"என்னை என்னான்னு நெனச்சான் அவன்? அதான் ரங்கா, பிடிவாதமா ஒரே ஓட்டல்ல தங்கித் தங்கி இந்த அட்டைய வாங்கினேன். இத்த நீட்டினா எவனும் அந்தக் கேள்விய கேக்கறதில்லபா. பழமெல்லாம் யாருக்கு வேணும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். அடுத்த ஊரில் திரும்பவும் தொட்டிச் செடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், வேலையை விட்டேன். நீ சென்னையில் வீடு எடுத்துக்கொண்டு தனியாகவே இருந்தாய். போன் பண்ணும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி: "நம்ம ஊர்லயும் எங்க ஓட்டல்காரன் கிளை தொறக்கப் போறானாம். சொந்த ஊர்லயே மகாராணி மாதிரி தங்கப் போறேன், நீ வந்து பாரு." அப்புறம் போன் குறைந்தது. மார்பில் கட்டி என்று உன் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தாய். நான் இரண்டு தடவை வந்து பார்த்தேன். இரண்டு தடவைதான்.

அந்த ஓட்டல் காஞ்சிபுரத்தில் திறந்த சமயம், உன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஊர் வீடு முழுக்க உறவுக்காரர்கள். எல்லோரும் முடி கொட்டிய உன் தலையைப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள். "ஓட்டல்ல தங்கிக்கறேன். மத்தியானம் வந்துடு" என்று எனக்குப் போன் செய்தாய்.

வந்தேன். நீ காரை விட்டு இறங்கியதைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரிய ஒரு கணம் பிடித்தது. தலையைச் சுற்றிப் பருத்தித் துணி. புடவைக்குள் உடம்பே இல்லை. ஆனால் அந்த அட்டையை மட்டும் கைப்பையிலிருந்து பழைய மிடுக்கோடு எடுத்து நீட்டினாய்.

டை கட்டிய இளைஞர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஸாரி மேடம், இது லாப்ஸ் ஆயிடுச்சு. போன வருஷம் எங்கயுமே நீங்க தங்கலயே. ஐடி ஏதாச்சும் குடுங்க."

வாக்காளர் அட்டையைக் கொடுத்தாய். அதில் உன் கிராமத்து முகவரி.

"லோக்கல் அட்ரஸா? உள்ளூர்க்காரங்களுக்கு நாங்க ரூம் தர்றதில்ல மேடம், ரூல் அப்படி." பிறகு உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தனியாவா தங்கறீங்க? கூட ஜென்ட்ஸ் யாரும் வரலியா?"

நீ இப்போது ஆரம்பிப்பாய் என்று காத்திருந்தேன். என் கால்கள் செடித்தொட்டி எங்கே இருக்கிறது என்று தேடின, அதுவும் உண்மை. ஆனால் நீ அட்டையைக் கைப்பைக்குள் வைக்கப் பார்த்தாய். அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க உன்னால் முடியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்கே என்னவோ போலாகியிருக்க வேண்டும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கறீங்களா? பின்னாடி ஒண்ணு இருக்குது" என்று ஒரு சாவியைத் தள்ளினார். தரைத்தளத்தில், சமையலறையை ஒட்டிய அறை. காற்றை வெளியே தள்ளும் விசிறி நேராக ஜன்னலில் வந்து முடிந்தது. வெங்காயமும் எண்ணெயும் கலந்த புகை. நீ குளியலறைக்கு ஓடினாய். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாய்.

"வேற கேட்கலாம்" என்றேன்.

"போதும்பா. இதுவே இருக்கட்டும். அவன் இன்னொரு தடவை அந்தக் கேள்விய கேட்டா எனக்குத் தாங்காது."

நான் எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வரவேற்பறை சோபாவில் எங்கள் தெருக்காரர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்திருந்தார். "அட ரங்கா! நீ இங்கே எங்கே?" என்று கூப்பிட்டார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குப் பதில் சொல்லாமல் கவுன்ட்டருக்குப் போனேன். காது கொதித்தது. உன்னைப்போல எனக்குப் பேச வராது.

"அந்த ரூம் வேண்டாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், இந்தத் தடவை ரொம்ப சத்தமாக வந்துவிட்டது. "அவ பத்து வருஷமா உங்க ஓட்டல்லதான் தங்கினா. போன வருஷம் தங்கல, ஏன்னா ஆஸ்பத்திரியில கிடந்தா. உங்க கம்ப்யூட்டர்ல அதெல்லாம் தெரியாது. உள்ளூர்னா என்ன, நான்கூட உள்ளூர்தான். என் வீடு அதோ சின்ன காஞ்சிபுரத்துல இருக்கு. இதோ இவருக்கு என்னைத் தெரியும். கூட யார்னு கேட்டீங்களே? நான்தான் கூட."

வாத்தியார் எழுந்து வந்தார். அவருக்கு எதுவும் புரியவில்லை, ஆனாலும் "நம்ம தெருப் பொண்ணுதாம்பா" என்றார். உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுதான் பெரிய கேவலம். மூக்கைச் சிந்திக்கொண்டே, "மேல, காத்தோட்டமா ஒண்ணு. முதல்ல நான் பாத்துட்டுத்தான்" என்றேன்.

இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். குழாயைத் திறந்தேன். படுக்கையில் உட்கார்ந்து எழுந்தேன். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். உன்னை லிஃப்டில் அழைத்து வந்தபோது, நான் திரையை விலக்குவதைப் பார்த்துச் சிரித்தாய். அந்த நாளில் நீ சிரித்தது அப்போதுதான். வீட்டுக்கு ஆட்டோவில் ஓடி, தயிர்சாதமும் பாகற்காய் வறுவலும் எடுத்துக்கொண்டு வெளிச்சம் போவதற்குள் திரும்பி வந்தேன். நாலு வாய் சாப்பிட்டாய்.

"உனக்கு இதெல்லாம் எப்படித்தான் முடிஞ்சுது?" என்று கேட்டேன். "எனக்கு இன்னும் உடம்பு நடுங்கறது. உனக்குக் கூச்சமே இல்லன்னு நெனச்சிருக்கேன்."

நீ என்னை ஆச்சரியமாகப் பார்த்தாய். "யாரு சொன்னா? ஒவ்வொரு தடவையும் செத்துப் பூடலாம் போல இருக்கும். நீ அந்தச் செடி பின்னால நின்னுக்கினு பேப்பரைத் தலைகீழா புடிச்சிக்கினு இருப்ப. உன்னைப் பாத்தா இன்னும் அவமானமா இருக்கும். என்ன பண்றது, அந்தத் தாழ்ப்பாள் இல்லாத ரூம்ல உன்ன விட்டுட்டு நான் மேல போய்ப் பழம் துன்னுக்கினு இருக்க முடியுமா?"

என்னால் அதற்கு மேல் அந்த அறையில் உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லித் தாழ்வாரத்தில் போய் நின்றேன்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு நீ ஓட்டலில் தங்கவே இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரி பொது வார்டில் கழிவறைக் கதவுக்கு எதிரே கட்டில் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. நர்ஸிடம் போய்க் கேட்டேன். "எல்லாரும் ஜன்னல் கேட்டா நான் எங்கம்மா போறது?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டினார். மறுநாளும் கேட்டேன், பெரிய டாக்டரிடமும் கேட்டேன். மாற்றவில்லை. நான் தலை குனிந்து திரும்பி வந்ததும், கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாய்.

"கேட்டுட்ட இல்ல? வா, இப்டி உக்காரு."

அந்த வாரமே போய்விட்டாய். எனக்குக் கூச்சம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்திலோ, பாங்கிலோ, பஸ்ஸில் கர்ப்பிணி ஒருத்திக்கு இடம் கேட்கும்போதோ, வாயைத் திறக்கும் முன்பே காது கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது. போன வாரம் அந்த ஓட்டலில் வேறு அறை கேட்டபோதும் அப்படித்தான். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருக்கிறது. வீட்டுக்கு வந்து படுத்த பின்பும் அந்தச் சூடு ஆறுவதில்லை. இவ்வளவையும் ஊர் ஊராக நீ எனக்காகத் தூக்கிக்கொண்டு நின்றாய், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் வருகிற வெட்கத்துக்கு முன்னால் மற்ற வெட்கமெல்லாம் சின்னதாகிவிடுகிறது. அதனால் கேட்டுவிடுகிறேன்.