மேஸ்திரி மூடிய வால்வு

வியாழன், இரவு.

செல்விக்கு இடது கண் தப்பிவிட்டது. வலது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று பெரம்பலூர் கண் டாக்டர் மாலையில் சொன்னார்.

அரியலூர் பக்கத்து ஆலையில் சுண்ணாம்புத் தூளை மூட்டை கட்டுபவர் செல்வி. காலையில் மூட்டை கிழிந்து தூள் முகத்தில் அடித்தது. கண் கழுவும் குழாய் பத்தடியில் இருந்தும் தண்ணீர் வரவில்லை. குடிதண்ணீர் ட்ரம்மிலிருந்து சொம்பால் மொண்டு ஊற்றியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். "நான்தாங்க வால்வ மூடுனேன். எல்லாரும் சோத்து டப்பாவ அதுலதான் கழுவுறாங்க. பருக்கை போயி அடைச்சுக்குது. இன்ஸ்பெக்‌ஷன்ல யாரு பேச்சு வாங்குறது?"

செல்வியின் கணவர் திரும்பினார். "இப்ப குழாயி சுத்தமா இருக்குல்ல? கழட்டிக் கொண்டாந்து சாமி ரூம்புல வச்சுக்கங்க."



போன மாதம் அந்த ஆலையைப் பார்க்கப் போனபோது, சாப்பிட்ட கையை நானும் அந்தக் குழாயில்தான் கழுவினேன். பக்கத்தில் வரிசையில் நின்றவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே கழுவினேன். இன்று பத்திரிகைக்கு நான் அனுப்பிய செய்தியில் மேஸ்திரி சொன்னது இருக்கிறது. இது இல்லை.

நாளை காலை ஒன்பது மணிக்குக் கண் கட்டைப் பிரிக்கிறார்கள். வலது கண் தெரிகிறதா என்பதைச் செல்விதான் சொல்ல வேண்டும்.