அப்பச்சி பெயரைச் சொன்னேன்

சுங்கை சிப்புட்

அன்பு மகள் நாச்சாளுக்கு ஆத்தா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அப்பச்சியும் சுகம், அவர் முழங்கால் மட்டும் மழை வந்தால் முரண்டு பிடிக்கிறது. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

போன வாரம் போனில் என்ன சொன்னாய்? பிரசவத்துக்கு ஆத்தா தனியாக விமானம் ஏறி வர வேண்டாம், விமான நிலையத்தில் அதிகாரி என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் அதைக்கூட நான் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்றாய். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பொய்யில்லையே, ஈப்போ ஆஸ்பத்திரியில் உன் அப்பச்சியைச் சேர்த்தபோது நர்ஸ் பெயர் கேட்க, அடையாளக் கார்டை நீட்டிவிட்டு ஊமையாக நின்றவள்தானே நான். உன்னிடம் மூச்சு விடாமல் நூலகத்தில் மாதுமை டீச்சர் நடத்தும் ஆங்கில வகுப்பில் அப்போதே சேர்ந்துவிட்டேன், தெரிந்துகொள்.

இந்த வாரம் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் பாடம். ஊர் என்றால் பொது, எந்த ஊருக்கும் பொருந்தும், சுங்கை சிப்புட் என்றால் நம் ஊருக்கே உரியது, பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். ஆறு, பேராக் ஆறு என்று மளமளவென்று சொன்னேன். உடனே டீச்சர், "ஹஸ்பண்ட்னா பொதுப்பெயர், ஆச்சி. உங்க ஹஸ்பண்ட் பேரு என்னலா?" என்று கேட்டுவிட்டாள். நாச்சாளோட அப்பச்சி என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கு மானம் போச்சு.

வீட்டுக்கு வந்து குழம்பு தாளிக்கும்போது, ஆனது ஆகட்டும் என்று சிவபிரகாசம் என்று சொல்லிப் பார்த்தேன். முதலில் காற்றுதான் வந்தது. அடுத்த தடவை சத்தமாகவே வந்துவிட்டது. கூடத்தில் டிவி நின்றது. சரி, திட்டு விழப் போகிறது என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பச்சி நொண்டிக்கொண்டே வந்து அடுப்படி நிலையைப் பிடித்து நின்று, "என்ன செகப்பி?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா பாரு' என்றே கூப்பிட்ட மனுஷர். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். இப்போது காப்பி கேட்கவும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், தொல்லை தாங்கவில்லை.

டிக்கெட் போட்டாயிற்று, மார்கழியில் வருகிறேன். பிரசவ மருந்தெல்லாம் இடித்துக் கொண்டு வருவேன். மாப்பிள்ளையை மட்டும் விமான நிலையத்துக்கு அனுப்பு, நீ வயிற்றோடு வராதே. எந்த அதிகாரி வேண்டுமானாலும் கேட்கட்டும். தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பெற்றெடுக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு.

இப்படிக்கு,
சிவபிரகாசத்தின் மனைவி,
உன் ஆத்தா,
செகப்பி