கம்பவுண்டர் படத்து இடைவேளை

ஆடி 20, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட துணி இரண்டு முறை மண்ணில். வாங்க: துவரம்பருப்பு, சோப்பு, அவருக்கு முட்டித் தைலம்.

பேப்பரில் விளம்பரம். முன்பு டிவியில் வியாழன்தோறும் வந்த கம்பவுண்டர் தொடரைப் படமாக எடுத்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை வருகிறது. பார்த்ததும் சரசு ஞாபகம். கொழுந்தனார் மனைவி. அவள் அப்பா என்னையும் மகள் மாதிரி ‘பெரியவ’ என்றுதான் கூப்பிடுவார். பாகம் பிரிக்கும்வரை இந்த நாமகிரிப்பேட்டை வீட்டில்தான் எல்லோரும். பக்கத்து அறையில் மாமியார் தூங்குவார். சத்தம் வரக்கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நாங்கள் இருவரும் சிரிப்போம். தொடரில் ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டால் கம்பவுண்டர் ஒன்றும் பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான், போதும்.

இப்போது அவர்கள் பள்ளிபாளையத்தில். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

ஆடி 22, வியாழன்

போன் செய்துவிட்டேன். மூன்று முறை எடுத்து வைத்து, நான்காவது முறை. நான்தான் என்றேன். பிறகு, “சொல்லுங்கக்கா” என்றாள். படத்தைப் பற்றிச் சொன்னேன். ஞாயிறு, திருச்செங்கோடு, பகல் காட்சி. இரண்டு ஊருக்கும் நடுவில். வருவதாகச் சொன்னாள்.

வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆடி 25, ஞாயிறு

எனக்கு முன்பே தியேட்டர் வாசலில் நின்றிருந்தாள். இளைத்துவிட்டாள். முன்நெற்றியில் நரை. எனக்குப் பிடிக்குமென்று நிலக்கடலை வறுத்து எடுத்து வந்திருந்தாள். உள்ளே கொண்டுபோகக் கூடாதென்று கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

படம் சரியில்லை. கம்பவுண்டர் வெளிநாட்டில் கார் ஓட்டுகிறார். ஆறு பேரை அடிக்கிறார். பாட்டு. ஒரே ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்தார். அதற்கும் டமடமவென்று மேளம். முன் வரிசையில் ஒரு பெண் கணவரிடம், “போயிரலாமுங்களா” என்றாள். நான் சரசுவைப் பார்த்தேன். நான் சிரிக்கிறேனா என்று அவளும் என்னைப் பார்த்தாள். இருவரும் திரைக்கே திரும்பிக்கொண்டோம்.

இடைவேளையில் டீ வாங்கி வந்தேன். அவள் குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு கேட்டாள், “எங்கப்பா செத்தப்ப நீங்க ஏனுங்கக்கா வரலே?”

கோபமாகக் கேட்கவில்லை.

“மணி அடிச்சுட்டாங்க, வா சாமி, உள்ள போலாம்” என்றேன்.

மணி அடிக்கவில்லை.

பிற்பாதியில் என்ன கதை என்று தெரியாது. வெளியே வந்தபோது பள்ளிபாளையம் வழியாகப் போகும் ஈரோடு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. வாரேனுங்கக்கா என்று ஏறிவிட்டாள்.

ஆடி 26, திங்கள்

மிளகாய் காய வைத்தேன். காற்றில் பாதி பக்கத்து வாசலில். கோயிலில் கூட்டமா என்று அவர் கேட்டார். ஆமாங்க என்றேன்.

படம் நன்றாக இருந்திருந்தால் என்று நாள் முழுக்க நினைப்பு. சிரித்த முகத்தோடு வெளியே வந்திருந்தால் எனக்கும் பதில் சொல்ல வாய் வந்திருக்கும்.

பொய். சிரித்து மழுப்பிவிடலாம் என்றுதான் கூப்பிட்டதே.

வீட்டுக்காரர் தடுத்துவிட்டார், அதனால்தான் சாவுக்குப் போகவில்லை. ஒன்பது வருடமாக ஊரெல்லாம் நான் சொன்னது இது.

ஆடி 27, செவ்வாய்

தலைவலி. ஒன்றும் செய்யவில்லை.

ஆடி 29, வியாழன்

காற்று அடங்கியிருக்கிறது. காஸ் வந்தது. அவர் தோட்டத்துக்குப் போனதும் போன் செய்தேன்.

“எங்க வீட்டுக்காரரு தடுக்கலே சரசு. போய்ட்டு வான்னுதான் சொன்னாரு. பாகம் பிரிச்சப்ப நான் பேசுன பேச்சுக்கு எல்லாரும் என்னையவே பார்ப்பாங்கன்னு கூசிப்போய் உக்காந்துட்டேன்.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

“கடைசி நாள்ல அப்பா உங்களத்தானுங்கக்கா கேட்டாரு. பெரியவ வந்துட்டாளான்னு. வந்துட்டாங்கன்னு சொல்லிட்டேன்” என்றாள்.

வைத்துவிட்டாள்.