ஏலத்தில் எடுத்த சக்கரங்கள்

பாறசாலை
1955 நவம்பர் 20, ஞாயிறு

அன்புள்ள மகள் ஆனந்தபாய்க்கு அப்பா எழுதுவது. சிங்கப்பூரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க ஆண்டவர் காப்பாராக. இங்கே அம்மாவுக்குச் சுகம், பசுவுக்குச் சுகம், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நாம் கட்டிவந்து பாதியில் நின்ற விமான வேலையை மறுபடி தொடங்குங்கள் என்று நீ எழுதியதும் கொட்டகையைத் திறந்தேன். யுத்தம் முடிந்து கழித்துப்போட்ட பயிற்சி விமானத்திலிருந்து நாம் வாங்கிவந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவினேன், கையால் சுற்றினால் சுற்றுகிறது. இறக்கைச் சட்டங்களில் கறையான் தின்றதை மாற்றியாயிற்று. இறக்கைத் துணியின் கதைதான் உனக்குத் தெரியுமே, நம் ஊர் தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற ஊர்வலத்துக்கு அதைக் கிழித்துக் கொடி தைத்தவன் உன் ஈசாக் மாமா. கேட்கப்போன என்னிடம், "மண்ணே போவுது, ஒமக்கு ஆகாசத்துல என்ன வேல அத்தான்?" என்று ஆட்கள் நடுவில் சிரித்தான். தமிழும் மலையாளமும் ஒரே நாக்கில் பேசுகிற ஊரில் எல்லையை எங்கே போடுவாய் என்று திருப்பிக் கேட்டதற்கு எனக்குத் துரோகி என்ற பெயரும் கிடைத்தது. அதோடு பேச்சு நின்றது. அந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்த அன்றுதான் அவனுக்குக் கால்கள் போயின. உன் அம்மா என்னைக் கேளாமல் விமானச் சக்கரம் இரண்டையும் எடுத்துக்கொடுத்து, தம்பிக்குத் தள்ளுநாற்காலி செய்வித்தாள். நான் வாய் திறக்கவில்லை, மறக்கவுமில்லை.

இப்போது வேலை தொடங்கியதும் சக்கரம் வேண்டும் என்று ஈசாக்குக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். உம் கையில் தரமாட்டேன், சபையில் காணிக்கையாக வைக்கிறேன் என்று பதில் வந்தது. போன ஞாயிறு அறுப்பின் பண்டிகையில் சேனைக்கும் வாழைக்குலைக்கும் நடுவே அவை ஏலத்துக்கு வந்தன. ஈசாக்கை மரநாற்காலியோடு தூக்கிவந்து முன்னால் வைத்திருந்தார்கள். ஒரு பூசணிக்காய்க்கே போட்டிபோட்டு ஏற்றுகிற நம் சபையில், நான் கேட்டதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. என்மேல் உள்ள வெறுப்பு என்றே நினைத்தேன். ஏலம் எடுத்தவனே அதைத் திரும்பச் சபையில் வைத்து, இன்னாருக்குக் கொடுங்கள் என்று சொல்வது நம் வழக்கமல்லவா, ஈசாக்குக்கு என்று நான் சொல்லத்தான் காத்திருந்தார்கள் என்பது சக்கரங்களோடு வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஏலம் சொல்லும் ஜெயசிங் அடுத்த பொருளை எடுக்காமல் என்னையே பார்த்து நின்றார். அப்போதும் உள்ளே போகாமல் நடந்துவிட்டேன் மக்களே. எத்தனை படித்து என்ன.

சக்கரங்களைப் பூட்டினேன், விமானம் நன்றாகவே நின்றது. பார்க்க வா என்றேன், உன் அம்மா வரவில்லை. இன்று ஆராதனையில் ஈசாக் இல்லை. எனக்குப் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. வந்ததும் சக்கரங்களைக் கழற்றிக் கொண்டுபோய் அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு இறங்கினேன். உள்ளேயிருந்து, "பிளேனு இப்ப எதுல நிக்குது?" என்று அவன் குரல் வந்தது. "செங்கல்லு மேலயாக்கும்" என்றேன். பிறகு, "அதக் காணணுமே. நாளைக்கு வாறேன்" என்றான்.

அவன் மன்னித்தான் என்று நான் எழுதவில்லை. வருகிறேன் என்றான், அவ்வளவுதான். நம் கொட்டகையின் வாசற்படி எவ்வளவு உயரம் என்று, அதில் தடுக்கி விழுந்த உனக்குத் தெரியும். கடப்பாரையை எடுத்து வைத்திருக்கிறேன், அவன் நாற்காலி ஏறும்படி அதை இடித்துச் சரிவாக்க வேண்டும். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. மாமாவுக்குத் தனியாகக் கடிதம் போடு, சக்கரத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்வாராக.

உன் அப்பா,
கனகதாஸ்