பைகஸ்பிட் என்றொரு சொல்

என்னங்க,

போன திங்கட்கிழமை கயலைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். எத்துப்பல்லுக்குக் கம்பி கட்டச் சொல்லி ஒரு வருஷமாக நச்சரிக்கிறாள் உங்கள் மகள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "மேல ரெண்டு பைகஸ்பிட் எடுக்கணும்மா" என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "கடைவாய்க்கு முன்னால இருக்கிற பல்லுதான். தலையில ரெண்டு கூர் இருக்கும், அதான் அந்தப் பேரு" என்று என்னை உட்காரவைத்தார். அந்தச் சொல் பல்லுக்கும் உண்டென்று எனக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷமாக அது உங்களுடையது என்றே இருந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் குன்றக்குடிக் கோயில் படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டீர்கள். மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வால்வில் எல்லோருக்கும் மூன்று இதழ், உங்களுக்குப் பிறவியிலேயே இரண்டு என்றார் டாக்டர். நீங்கள் ரிப்போர்ட்டில் விரலை வைத்து, "இந்த பைகஸ்பிட்னா என்ன அர்த்தம் சார்?" என்று கேட்டீர்கள். வேன் ஓட்டுகிறவர் இதைக் கேட்பார் என்று அவர் நினைக்கவில்லை போல. பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "லத்தீன் வார்த்தை. பைன்னா ரெண்டு. கஸ்பிஸ்னா ஈட்டியோட முனை."

வெளியே வந்ததும், "முருகனுக்கே ஒரு வேலுதான். எனக்கு ரெண்டு" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் சிரித்தேன்.

சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றிருந்தார் டாக்டர். "சபரிமலை சீசன் முடியட்டுமே. தை கழிச்சு வச்சுக்கிருவோம், நீ என்ன சொல்ற?" என்றீர்கள். நெஞ்சைத் திறப்பார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு ஒரே பயம். "சரிங்க" என்றேன்.

மார்கழியில், பிள்ளையார்பட்டியில், வேப்பமர நிழலில் வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருக்கிறீர்கள். "தூங்குறாகன்னு நெனச்சு எழுப்பாம நின்னோம்மா" என்று அழுதார், தரிசனம் முடித்து வந்த சாமிகளில் ஒருவர்.

"அவுகதான் தள்ளிப்போட்டாக" என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். கயலிடமும்.

இது பரம்பரையாகவும் வரலாம், பிள்ளைக்கும் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அதே பயத்தில் அதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பல் டாக்டரிடமிருந்து வந்த மறுநாளே அவளை மதுரைக்குக் கிளப்பிவிட்டேன். பஸ்ஸில்தான் சொன்னேன்: "அப்பா என்னையக் கேட்டாகடி. நான்தான் சரின்னேன்." திருப்பத்தூர் தாண்டியதும், "பயந்துட்டியாம்மா?" என்று கேட்டு என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உங்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பில் பாதியை அவளிடம் வாங்கிக்கொண்டேன்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "மூணு இதழும் நல்லா இருக்கு" என்றார். சட்டென்று இடப்பக்கம் திரும்பினேன். அங்கே சுவர்தான் இருந்தது. நல்ல சேதி எது வந்தாலும் என் கழுத்து இன்னும் உங்கள் பக்கம்தான் திரும்புகிறதுங்க.