மை போன சுருள்

பிப்ரவரி 9, திங்கள்

கடைசி ஃபிரேமும் முடிந்தது. ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருக்கும் ஃபிலிம் சுருள். எட்டு மாதமாக அதன்மேல் ஒவ்வொரு ஃபிரேமாக மை பூசினேன். மெல்லிய தூரிகை, பூதக்கண்ணாடி, கழுத்துவலி. கீறல் விழுமே என்று ஒருமுறைகூட புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "பெத்தவ மூஞ்சியில கரியைப் பூச இவ்வளவு பாடா?" என்றாள்.

நாளை லேபில் டிஜிட்டல் பிரதி எடுக்கக் கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் திரையிடல். முதல்முறையாக என் படம் ஒரு திரையில்.

பிப்ரவரி 10

கொடுத்தாயிற்று.

பிப்ரவரி 13, வெள்ளி

லேப்காரர் போன் செய்தார். "சுருள் முழுக்க ஒரே அழுக்கும்மா. ரெண்டு தடவை கழுவினேன். இப்ப பளிச்சுன்னு இருக்கு."

அழுக்கு!

பிரதி எடுக்குமுன் எந்தச் சுருளையும் கழுவுவது அவர்கள் வழக்கம். 'கழுவ வேண்டாம்' என்று பெட்டிமேல் நான் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை. ஓவியத்தை யாராவது கழுவுவார்களா? திட்டத்தான் நேரில் போனேன். விஷயம் புரிந்து அவர் முகம் வெளுத்ததும், "பரவாயில்லைண்ணே" என்று வாயில் வந்துவிட்டது. என்னடி பரவாயில்ல? எட்டு மாசம் போச்சே, எட்டு மாசம்!

பிப்ரவரி 15

கழுவியதை ஓட்டிப் பார்த்தேன். விளிம்பில் கொஞ்சம் நீலக்கறை. நடுவில் அம்மா.

பேசுகிறாள்.

என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒலி பிடிக்காத கேமரா. அந்த உதடுகளை ஃபிரேம் ஃபிரேமாக அறிவேன். ஆனால் ஒவ்வொன்றிலும் அவை அசையாமல்தானே இருந்தன? சரி, எடுத்த அன்று நான் எங்கே போயிருந்தேன்? கேமராவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறேன். வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தேன் போல.

பிப்ரவரி 16

அம்மாவிடம் காட்டினேன். "இப்பதான் படம் மாதிரி இருக்கு."

"அன்னைக்கு என்னம்மா சொன்ன?"

"யாருக்குடி ஞாபகம்? நீதானே எதிர்ல நின்ன?"

பிப்ரவரி 21

எதை அனுப்புவது? மறுபடி பூச நாளில்லை. இதை அனுப்பினால் இது யார் படம்? என்னுடையதா, லேப்காரருடையதா? பிடிக்காமல் இருந்திருந்தால் சுலபம். பிடித்திருக்கிறது. அதுதான் கோளாறு.

பிப்ரவரி 28

கழுவியதே ஓடியது. முடிந்ததும் ஒருவர் எழுந்து, "அந்த அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். ஏதோ சாமர்த்தியமான பதில் என்று நினைத்துச் சிரித்தார்கள். பின்வரிசையில் அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 3

புதுச் சுருளை, இந்த முறை சின்னதுதான், லேபுக்குக் கொண்டுபோனேன். மறுபடி அம்மாதான், மறுபடி மைதான். ஆனால் இந்த முறை எடுக்கும்போது அவள் பேசியதைக் கேட்டேன். அதை இங்கேகூட எழுதப் போவதில்லை.

லேப்காரர் பெட்டியைத் தொடவே பயந்தார். "கழுவக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டிட்டுப் போ, தாயே."

"கழுவுங்க" என்றேன்.

சொன்ன பிறகும் கை பெட்டியை விடவில்லை. அவர்தான் மெல்ல இழுத்து வாங்கிக்கொண்டார்.