கதவைச் சாத்தாத ஞாயிற்றுக்கிழமைகள்

அப்பா,

எதிர்வீட்டு மாடியில் இன்று காலை யாரோ கஞ்சி போட்ட வேட்டியை உதறிக் காயப்போட்டார்கள். வடிகஞ்சியின் லேசான புளிப்பு வாடை காற்றில் வந்ததும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமையின் வாசம். நம் மார்க்கையன்கோட்டை வீட்டின் வாசம்.

ஆறு நாள் உங்களுக்குத் தேனி மில்லில் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை. ஏழாம் நாள் வீட்டில் வேலை. அம்மா நர்ஸ் என்பதால் பாதி ஞாயிறுகளில் அவளுக்கு டூட்டி இருக்கும். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, வரும்போதே கறி வாங்கி வருவீர்கள். ஒருபக்கம் கிரைண்டர் ஓடும், இன்னொரு பக்கம் கறி கொதிக்கும். அதற்கு நடுவில் எனக்கும் தம்பிக்கும் தலையில் சீயக்காய் தேய்ப்பீர்கள். கண்ணை இறுக மூடினாலும் எரியும். பிறகு வாசல் குழாயடியில் குந்தி அம்மாவின் வெள்ளைச் சேலைகளைத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, தெருவைப் பார்த்த கொடியில் விரிப்பீர்கள்.

எல்லாம் அழகாக நடந்தது என்று சொல்லமாட்டேன். உப்புப் போட்டதை மறந்து மறுபடியும் போடுவீர்கள். நீங்கள் பின்னிவிட்ட சடை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். நீங்களும் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு அடுத்த சேலையை எடுப்பீர்கள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு மதுரையில் ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். அந்தச் செய்தி எட்டிய ஞாயிறு, உங்கள் அண்ணனான எங்கள் பெரியப்பா பங்காளிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று அம்மாவும் வீட்டில் இருந்தாள். நீங்கள் குழாயடியில் இருந்தீர்கள்.

“ஏலே, என்னடா கோலம் இது? கதவச் சாத்திக்கிட்டு உள்ளாற வச்சாவது தொவைக்கக் கூடாதா?”

“களவா பண்றேன், கதவச் சாத்துறதுக்கு? உக்காருங்கண்ணே. கறி வெந்துருச்சு.”

“சாப்புட வரல. அவள மதுரைக்கு அனுப்பப் போறியாமே? வயசுக்கு வரப்போற பிள்ளைய விட்டுட்டு ஒரு பொம்பள போயி வெளியூர்ல தங்குறதாவது? ஊருக்குள்ள கேவலமாப் பேசுறாக.”

நீங்கள் அவரிடமிருந்து திரும்பினீர்கள். அடுப்படி வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்தீர்கள். “உனக்குப் போகணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு.”

அம்மா பெரியப்பாவை ஒருமுறை பார்த்தாள். “போகணும்ங்க.”

“கேட்டுக்கிட்டீகளாண்ணே?”

பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “அப்பப் பங்குனிப் பொங்கலுக்கு நம்ம கோயில் பக்கம் வந்துறாத. உன் பானைக்கு அங்கன இடமில்ல.”

“சாமி உங்களுக்கு மட்டுமா? வருவேன்.”

அவர்கள் சாப்பிடாமல் போனார்கள். அவர்கள் பங்கையும் சேர்த்து நாமே தின்று தீர்த்தோம்.

அம்மா போனாள். அந்த வருடம்தான் நான் பெரிய மனுஷி ஆனேன். நீங்கள் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி அம்மாவுக்குச் சொன்னீர்கள். வரும் வழியில் மருந்துக்கடையில் நாப்கின் வாங்கினீர்கள். கடைக்காரர் பேப்பரில் சுற்றப்போனபோது, “சுத்த வேணாம், இங்கன குடுங்க” என்று கையில் வாங்கி வந்தீர்கள். அதற்கும் தெரு பேசியது. சாயங்காலம் அம்மா வந்து இறங்கும்போது எனக்கு நீங்கள் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தீர்கள். அடிப்பிடித்த களி. நான் முழுவதும் தின்றேன்.

பங்குனியில் மயிலாடும்பாறைப் பக்கம் இருக்கும் குலசாமி கோயிலுக்குப் பானையோடு போனோம். பங்காளிகளின் அடுப்புகள் வரிசையாக இருந்தன. நமக்கு அரை அடி இடம்கூட விடவில்லை. நீங்கள் கல் பொறுக்கி வந்து, எல்லோருக்கும் முன்னால், சாமிக்கு நேராக அடுப்புக் கூட்டினீர்கள். பெரியப்பா எழுந்து வந்தார். நீங்கள் அவரை நிமிர்ந்து பார்த்தீர்கள். அவர் திரும்பிப் போய்விட்டார். நம் பானை பொங்கியபோது குலவை போட ஒருவரும் வரவில்லை. லீவில் வந்திருந்த அம்மா தனியாகக் குலவையிட்டாள். எனக்குச் சரியாக வராது, ஆனாலும் சேர்ந்துகொண்டேன். அப்போது வரிசைக்குள்ளிருந்து இன்னொரு குலவை கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் பெரியம்மா. தன் புருஷன் முறைப்பதைக் கண்டும் அவள் நிறுத்தவில்லை. அன்று இருட்டும்வரை நீங்கள் சிரித்த முகமாகவே இருந்தீர்கள்.

அதன்பின் யாரும் நம்மைத் தடுக்கவில்லை. அம்மா படித்து முடித்துத் திரும்பினாள். பதவி உயர்வும் வந்தது. ஆனால் நீங்கள் இறந்த பதினாறாம் நாள் விருந்தில் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “என் தம்பி ஒரு அப்பிராணி. பொண்டாட்டி சொன்னதுக்கெல்லாம் தலையாட்டியே காலத்த ஓட்டிட்டான், பாவம்.” பந்தியில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த நான் சாம்பார் வாளியைத் தரையில் வைத்தேன்.

“எங்கப்பா அப்பிராணி இல்ல பெரியப்பா. அம்மா போகணும்னு சொன்னாக. அப்பா உங்க எல்லாரையும் எதுத்து நின்னு அனுப்பி வச்சாக. அவுக தலையாட்டி நீங்க எப்பப் பாத்தீக?”

“துக்க வீட்ல இப்பிடியா சத்தம் போடுறது, ஆத்தா?” என்றார் ஒருவர்.

அம்மா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். “அவ பேசட்டும்” என்றாள்.

மில் இரைச்சலை மீறிப் பேசிப்பேசி உரத்துப்போன குரல் உங்களுடையது. அது எனக்கு எப்படி வந்ததென்று தெரியவில்லை, அப்பா. அலுவலகத்தில், மாமியார் வீட்டில், உங்கள் பங்காளிகள் நடுவில் பலரும் அதைக் குறைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். நான் குறைப்பதாக இல்லை.